பாட்டுப் பதிவுக்குப் புது கம்ப்யூட்டர்: செட்டிநாட்டில் வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று இந்தப் பக்கத்தில் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கிப் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். காவடிப் பாட்டு, அம்மன் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி, குறும்படத்துக்கு இசை என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும் புதிது வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்குவது சுலபம், கடையில் பணம் கட்டினால் முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வரும். பழைய பாட்டைத் திறந்தால் நாதஸ்வர டிராக் காலியாகக் கிடக்கும். ப்ளக்இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் சேர்த்துக்கொள்கிற துணை சாஃப்ட்வேர்) லைசென்ஸ் கேட்கும். லைசென்ஸ் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மைக்கை மாட்டினால் பின்னால் ஓர் உறுமல் கேட்கும். இவை எல்லாவற்றையும் பட்டுக் கடந்து வந்த பிறகு எழுதுகிறேன். அடுத்தவர் படக்கூடாது.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டு ஒன்று புது கம்ப்யூட்டரில் திறந்து, முன்பு கேட்ட மாதிரியே கேட்கும்வரை பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள், அழிக்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு தருகிறேன் என்று சொன்னாலும் சரி.

1. நாள் பார்த்து ஆரம்பியுங்கள்

முழுதாக மாற இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அந்த இரண்டு வாரமும் பழைய கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கான பாட்டு வேலை கார்த்திகையிலிருந்தே வர ஆரம்பித்துவிடும். ஆடியில் அம்மன் பாட்டு. இந்த இரண்டு சமயத்திலும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் இடி மின்னல், அடிக்கடி கரண்ட் போகும். பங்குனி உத்திரம் முடிந்து ஆடி பிறக்கும் வரையிலான காலம்தான் என் கணக்கில் தோதானது. வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் அந்த வெயிலில் நிற்காமல் ஓடுகிற மெஷின் மற்ற மாதங்களில் தொந்தரவு தராது. கோளாறு இருந்தாலும் வாரண்டி புதிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை உங்கள் ஊரில் என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் மாற்றுவதையும் விண்டோஸ் அப்டேட்டையும் அன்றைக்கு வைக்க வேண்டாம்.

ப்ளக்இன்களைப் புது பதிப்புக்கு மாற்றப் பணம் கட்ட வேண்டியிருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், நவம்பர் கடைசி வாரம்வரை பொறுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் அப்போதுதான் பெரிய தள்ளுபடி தருகின்றன.

2. என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு, என்னென்ன ப்ளக்இன், சாம்பிள் லைப்ரரிகள் (பதிந்து வைத்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) எந்த மாடல், கீபோர்டுக்குத் தனி டிரைவர் உண்டா. ப்ளக்இன் மேனேஜர் திரையை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் எதிரே அதன் மெயில் ஐடியை எழுதுங்கள். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறோம். முதன்முதலில் கம்ப்யூட்டரை செட் செய்து கொடுத்த தம்பி தன் மெயில் ஐடியிலேயே கணக்குத் திறந்திருப்பார். அவர் இப்போது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். மெயில் உங்களுடையதாகவே இருந்தாலும், ஓடிபி போகிற நம்பர் நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட சிம்மாக இருக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் லாகின் ஆகி இருக்கும்போதே மெயிலையும் நம்பரையும் உங்கள் பேருக்கு மாற்றிவிடுங்கள். பிறகு கம்பெனிக்கு எழுதி மீட்பதென்றால் வாங்கிய பில்லைக் கேட்பார்கள், பதில் வர நாள் ஆகும்.

உங்கள் சாஃப்ட்வேர்கள் கிராக் செய்தவை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏனென்றால் அவற்றைப் புது மெஷினுக்குக் கொண்டுபோக நம்பகமான வழி கிடையாது. வைரஸ் ஆபத்து ஒரு பக்கம். விண்டோஸ் டிஃபெண்டர் பாதியைத் தடுத்துவிடும், மீதி அடுத்த அப்டேட்டில் நிற்கும். இது சுத்தமாக ஆரம்பிக்க நல்ல நேரம். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம்; தனி ஆட்களுக்கும் சிறு தொழிலுக்கும் லைசென்ஸ் 60 டாலர். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி ஆகிய சிந்தசைசர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாம்பிள்களை வாசிக்கிற டீசென்ட் சாம்ப்ளரும் இலவசம்.

3. லைசென்ஸைக் கழற்றுங்கள்

பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போது இது சில நிமிட வேலை. ஹார்ட் டிஸ்க் செத்த பிறகு வாரக் கணக்கில் மெயில் எழுத வேண்டிய வேலை. ஆனால் அடுத்த பகுதியில் சொல்கிறபடி பாட்டுகளை இறக்கி முடித்த பிறகே கழற்றுங்கள், கழற்றினால் பழைய மெஷினில் அந்த ப்ளக்இன் ஓடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை உண்டு.

ஐலாக் (பல ப்ளக்இன்களின் லைசென்ஸைக் காக்கிற முறை): லைசென்ஸ் யுஎஸ்பி குச்சியில் இருந்தால் கவலை இல்லை, பிடுங்கிப் புதியதில் மாட்டினால் போதும். கம்ப்யூட்டரிலேயே ஏற்றியிருந்தால், ஐலாக் லைசென்ஸ் மேனேஜரைத் திறந்து, பழைய மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக டீஆக்டிவேட் செய்யுங்கள். விண்டோஸை அழித்துவிட்டால் அந்த லைசென்ஸ் பழைய மெஷின் பேரிலேயே சிக்கிக்கொள்ளும்.

வேவ்ஸ் கம்பெனி ப்ளக்இன்கள்: வேவ்ஸ் சென்ட்ரலில் லைசென்ஸை முதலில் கிளவுடுக்கு அனுப்பி, பிறகு புது மெஷினுக்கு இறக்க வேண்டும்.

கியூபேஸ் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்): இப்போது வரும் பதிப்புகள் ஸ்டைன்பெர்க் ஆக்டிவேஷன் மேனேஜரில் ஓடுகின்றன, ஒரே லைசென்ஸில் மூன்று கம்ப்யூட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். பழைய இ-லைசென்சர் யுஎஸ்பி குச்சியில் ஓடுகிற பதிப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சேவையை 2025 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். குச்சியில் இருக்கும் லைசென்ஸ் வேலை செய்யும். குச்சி உடைந்தால் மீட்க வழியில்லை. அந்தக் குச்சியைப் பத்திரமாக வையுங்கள்.

ஏபிள்டன் லைவ் இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் ஆகும். எஃப்எல் ஸ்டுடியோவில் கணக்கில் லாகின் செய்தாலே திறந்துவிடும். சாம்பிள்களை வாசிக்கிற கான்டாக்ட் போன்றவற்றுக்கு நேட்டிவ் ஆக்சஸில் லாகின் செய்து, உங்கள் பொருள்கள் எல்லாம் அங்கே தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் புதிதாக வாங்க வேண்டி வந்தால், உங்கள் டெபிட் அல்லது கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பேங்க் ஆப்பில் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் அது மூடியே இருக்கும். டாலர் விலைக்கு மேல் பேங்க் மாற்றுக் கட்டணம் சேரும். பல கம்பெனிகள் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்க்கும். அதனால் 60 டாலர் என்றால் 60 டாலரோடு நிற்காது.

4. பழைய பாட்டுகளைக் கட்டி எடுங்கள்

ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் காப்பி செய்தால் பாட்டு வராது. அந்த ஃபைலில் இருப்பது பெரும்பாலும் முகவரிகள்தான். குரல் இந்த ஃபோல்டரில், தவில் அந்த ஃபோல்டரில் என்று எழுதி வைத்திருக்கும். குரலும் தவிலும் வேறு எங்கோ கிடக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் திரட்டுகிற வசதியை முதலில் பயன்படுத்துங்கள். கியூபேஸில் பேக்கப் ப்ராஜெக்ட், ஏபிள்டனில் கலெக்ட் ஆல் அண்ட் சேவ், எஃப்எல் ஸ்டுடியோவில் ஜிப்ட் லூப் பேக்கேஜ். ரீப்பரில் ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது மீடியா முழுவதையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குக் காப்பி செய்கிற பெட்டியை டிக் செய்யுங்கள்.

முக்கியமான பாட்டுகளுக்கு இதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் ஃபைலாக இறக்குங்கள். நாளைக்கு எந்த ப்ளக்இன் நின்றுபோனாலும், எந்தச் சாஃப்ட்வேருக்கு மாறினாலும், அந்த வேவ் ஃபைல்களை வரிசையாக அடுக்கினால் பாட்டு எழுந்து நிற்கும். கோயில் கமிட்டிக்காரர் மூன்று வருடம் கழித்து வந்து, “அதே பாட்டுல கோயில் பேரை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி” என்று கேட்பார். அப்போது உதவப்போவது இந்த ஃபைல்கள்தான். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 9 எம்பிகூட வராது. ஐந்து நிமிடப் பாட்டில் முப்பது டிராக் என்றால் ஏறத்தாழ 1.3 ஜிபி.

ஃபோல்டருக்குள் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் போடுங்கள்: டெம்போ, எத்தனை கட்டை, தாளம், சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற எண்). கடைசியாகச் சொன்னதை விட்டுவிடக் கூடாது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த பாட்டை 48-ல் ஓட்டினால் வேகமும் கூடும், சுருதியும் அரைக்கட்டைக்கு மேல் ஏறிப்போகும். அதன் மேல் புதிதாகப் பாட வருகிறவருக்கு எங்கே நிற்பது என்று புரியாது.

கண்ணில் படாத வேறு சில பொறிகளும் உண்டு. மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகிறவர்கள், ஃபைல் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி மாதிரி எதுவும் இருந்தால் காப்பி செய்யும் முன்பே மாற்றிவிடுங்கள், விண்டோஸ் அவற்றை ஏற்காது. இரண்டுக்கும் நடுவே கொண்டுபோகிற டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது.

காப்பி இரண்டு எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று சொந்தக்காரர் வீட்டில். சாம்பிள்களோடு 500 ஜிபி இருந்தால், சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் அரை மணி நேரத்துக்குள் முடியும். மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று லைப்ரரிகளை விட்டுவிடாதீர்கள். 40 எம்பிபிஎஸ் இணைப்பு தடங்கல் இல்லாமல் வந்தால்கூட 100 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். நம் ஊர்ப் பக்கம் தடங்கல் இல்லாமல் வருவது எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும்.

5. என்ன வாங்குவது

முதலில் ஆடியோ இன்டர்ஃபேஸைப் பாருங்கள். கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் அல்லது இப்போதைய மேக் டிரைவர் இருக்கிறதா? இல்லையென்றால் இன்டர்ஃபேஸ் விலையையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். ஃபயர்வயர் (யுஎஸ்பிக்குப் பதில் இருந்த பழைய இணைப்பு) இன்டர்ஃபேஸ் வைத்திருக்கிறவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. ஆப்பிள் மேக்ஓஎஸ் 26-ல் அந்த வழியை முற்றாக எடுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், டிரைவருக்காக அதிலேயே தங்கிவிடுவதும் நீண்ட நாள் தாங்காது.

பாட்டு வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. கடைக்காரர் “கேமிங் பிசி” என்று காட்டுவதில் பெரும்பணம் அதற்குத்தான் போகிறது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும், அதனால் சூடும் குறையும், ஃபேன் சத்தமும் குறையும். மிச்சமாகும் பணத்தை ராமிலும் எஸ்எஸ்டியிலும் போடுங்கள். ராம் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம். கான்டாக்ட் லைப்ரரிகளை அடுக்குகிறவர்களுக்கு 32. ஒரே குச்சியாக இல்லாமல் ஜோடியாகக் கேளுங்கள். எஸ்எஸ்டி இரண்டாக இருக்கட்டும்: ஒன்றில் விண்டோஸும் சாஃப்ட்வேரும், மற்றொன்றில் சாம்பிளும் ப்ராஜெக்டும். பாடும்போது ஏசியையும் ஃபேனையும் நிறுத்துவோம். அப்போது சித்திரை வெயிலில் அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துப் பெரிய கூலரும், மெதுவாகச் சுற்றுகிற பெரிய ஃபேன்களும் உள்ள கேபினட்டைத் தேர்ந்தெடுங்கள். முன்பக்கம் தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். நம் செம்மண் தூசிக்கு அது இல்லாமல் ஆகாது.

மேக் மினி யோசிக்கிறவர்களுக்கு: எம்4 மாடல் 2024 இறுதியில் 16 ஜிபி ராம், 256 ஜிபி டிஸ்க்கோடு 59,900 ரூபாய்க்கு வந்தது. சத்தம் இல்லை, கரண்டும் குறைவு. ராமைப் பிறகு கூட்டவே முடியாது, சாம்பிளுக்கு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி கட்டாயம். பழைய வடிவ யுஎஸ்பி ஓட்டை ஒன்றுகூட அதில் கிடையாது. ஐலாக் குச்சிக்கும் மிடி கீபோர்டுக்கும் மாற்றுக் கனெக்டர் வாங்க வேண்டும். விண்டோஸில் மட்டும் ஓடுகிற ப்ளக்இன் உங்கள் பாட்டுகளில் நிறைய இருந்தால் மேக்குக்குப் போகாதீர்கள் என்பதே என் கருத்து.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி வாங்குகிற பழக்கம் இங்கே உண்டு. பெரியவர்களான பயணிகளுக்கு ஒரு லேப்டாப் சுங்க வரி இல்லாமல் வரும். டெஸ்க்டாப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, பயணியின் மொத்தச் சாமான் வரம்புக்குள்தான் அது வரும். அங்கே ப்ளக்கும் வேறு வடிவம். பில்லைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. கொட்டேஷன், பில், கடன்

காரைக்குடியில் ஒன்று, மதுரையிலோ திருச்சியிலோ ஒன்று, முடிந்தால் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று என்று கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண் இருக்க வேண்டும். “32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி” என்று மொட்டையாக எழுதிய கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது. விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. போன மாதக் கொட்டேஷனை வைத்துப் பேரம் பேச முடியாது.

சென்னையில் சில ஆயிரம் மிச்சமாகும். பல்லவன் ரயிலில் போய் வரலாம். ஆனால் மதர்போர்டு கெட்டால் மறுபடி அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் பிராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை மூன்றையும் அருகில் உள்ள கடையில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கூரியரில் வரவழைத்தால், கனமான கூலரைக் கழற்றித் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். வழியில் ஆடி மதர்போர்டையே உடைத்துவிடும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். வாரண்டிக்குப் போகும்போது கேட்பது அதைத்தான். பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வர வேண்டும், அதற்கு மூன்று வருட வாரண்டி உண்டு. பெட்டி இல்லாமல் விற்கிற டிரே பிராசஸருக்கு அந்த வாரண்டி கிடையாது. என் விஷயத்தில் கொட்டேஷனில் ஒரு எஸ்எஸ்டியும் உள்ளே வேறொன்றும் இருந்தது. பில்லில் மாடல் எண் இருந்ததால்தான் மாற்றித் தந்தார்கள். விண்டோஸ் லைசென்ஸும் பில்லில் தனி வரியாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கீ என்றைக்கு வேண்டுமானாலும் ரத்தாகலாம்.

கடன் வேண்டும் என்றால் சிறு தொழிலுக்கான முத்ரா திட்டம் இருக்கிறது. 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். அடமானம் கேட்கக் கூடாது. ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட், கொட்டேஷன், உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது தனியாருடையது. தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்றாக ஈபி பில்லைக் கேட்பார்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஐயா பேரிலோ, ஐயாவின் அப்பா பேரிலோ இருக்கும். வீட்டில் பங்கு உள்ள ஒருவரிடம் சம்மதக் கடிதம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இதற்காகவே ஒரு வாரம் இழுக்கும். கணக்குப் புத்தகம் வைத்து வருமான வரி கட்டுகிறவர்கள் பில்லை ஆடிட்டரிடம் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம்.

7. எர்த்தும் யுபிஎஸ்ஸும்

கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று பின் ப்ளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது ஓட்டையில் எர்த் இருக்காது. இருந்தாலும், எர்த் குழி எங்கோ பின்கட்டில் காய்ந்துபோய்க் கிடக்கும். லேப்டாப் வைத்திருந்தவரை இது தெரியாது. டெஸ்க்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்ததும் உறுமல் ஆரம்பிக்கும்.

மல்ட்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள அதே அளவு, ஏறக்குறைய 230 வோல்ட், காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டு நிரப்பி, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், அல்லது புது எர்த் போட வேண்டும். பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால் குழி தோண்டும் முன் எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உறுமலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் உண்டு. உறுமல் நிற்கும். எங்காவது லீக் ஆனால் மைக்கைத் தொட்டுக்கொண்டு பாடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ப்ளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு, இரைச்சலைத் தள்ளிவிடுகிற பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். பெரும்பாலான உறுமல் இவற்றிலேயே அடங்கிவிடும்.

யுபிஎஸ் தூய சைன் வேவ் தருவதாக இருக்கட்டும். சதுர அலை தருகிற வீட்டு இன்வெர்ட்டரில் சில புது பவர் சப்ளைகள் கரண்ட் மாறும்போது அணைந்துவிடும், ஸ்பீக்கரிலும் இரைச்சல் வரும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு 1 கேவிஏ போதும், பாட்டை சேவ் செய்து அணைக்கத் தாராளமாக நேரம் கிடைக்கும். இடி கேட்டால் யுபிஎஸ்ஸை நம்பி உட்கார வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பிராட்பேண்ட் வயரையும் சேர்த்து.

8. எந்த அறையில் வைப்பது

பட்டாசாலை அழகாக இருக்கும். ஆத்தங்குடி கல்லும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து குரலை எதிரொலித்துக்கொண்டே இருக்கும். வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள உள் அறைகளில் ஒன்றை எடுங்கள். தடித்த சுவர் தெருச் சத்தத்தைத் தடுக்கும். ஜமுக்காளம், பஞ்சு மெத்தை, துணி அடுக்கிய அலமாரி வைத்தால் எதிரொலி நன்றாகக் குறையும்.

முடிந்தால் கம்ப்யூட்டர் பெட்டியைப் பக்கத்து அறையில் வையுங்கள். மானிட்டருக்கான எச்டிஎம்ஐ கேபிள் ஃபுல் எச்டி படத்துக்குப் பத்து மீட்டர் வரை பெரும்பாலும் பிரச்சினை தராது. யுஎஸ்பி 2 கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது.

9. ஏற்றும் வரிசை

விண்டோஸ் முதலில். அக்கவுண்ட் பெயரை ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள், தமிழ் எழுத்தில் வேண்டாம். சில பழைய ப்ளக்இன்கள் அந்த ஃபோல்டர் பெயரைப் படிக்கத் தெரியாமல் நின்றுவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம். ரெகவரி கீயைக் கணக்கிலிருந்து எடுத்து அந்த நோட்டில் எழுதி வையுங்கள். மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் அது இல்லாமல் டிஸ்க் திறக்காது.

அப்டேட்டுகள் முடிந்த பிறகு, சாம்பிள் டிஸ்க்குக்குப் பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே எழுத்தைக் கொடுங்கள். அங்கே ‘இ’ டிரைவ் என்றால் இங்கேயும் ‘இ’ டிரைவ். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு நிமிட வேலை. ஃபோல்டர் பெயர்களும் அப்படியே இருந்தால், கான்டாக்ட் “சாம்பிள் காணவில்லை” என்று கேட்பது ஏறக்குறைய நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்டர்ஃபேஸ் டிரைவர். கேபிளை ஹப்பில் மாட்டாமல், கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நேராக மாட்டுங்கள். அதன் பிறகு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், லைசென்ஸ் மேனேஜர்கள், கடைசியாக ப்ளக்இன்கள். பழைய பாட்டுகளில் உண்மையில் இருக்கிற ப்ளக்இன்களை மட்டும் முதலில் போடுங்கள், மற்றவை காத்திருக்கட்டும். பழைய 32 பிட் ப்ளக்இன்கள் பெரும்பாலும் புதியதில் திறக்காது. அவை உள்ள டிராக்குகளைப் பழைய மெஷினிலேயே வேவ் ஃபைலாக இறக்கிவிடுங்கள்.

10. கேட்டுச் சோதியுங்கள்

பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸில் வையுங்கள். லேட்டன்சிமான் என்ற இலவச சாஃப்ட்வேரை அரை மணி நேரம் ஓட விட்டால், எந்த டிரைவர் ஒலியைத் தடுக்கிறது என்று காட்டும். அடிக்கடி அகப்படுவது வைஃபை. பதிவு நேரத்தில் அதை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

பாடகரை வைத்துப் பதியும்போது பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 128. 48 கிலோஹெர்ட்ஸில் அந்த பஃபரால் வரும் தாமதம் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். கரகரப்பு வந்தால் 256. மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றுங்கள், மெஷின் இளைப்பாறும்.

இப்போது பழைய பாட்டு ஒன்று. அதைப் பழைய மெஷினிலும் (லைசென்ஸைக் கழற்றும் முன்பே) புது மெஷினிலும் தனித்தனியே வேவ் ஃபைலாக இறக்குங்கள். இரண்டையும் ஒரு புது ப்ராஜெக்டில் சரியாக ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி (ஃபேஸ் இன்வர்ட் பட்டன்) ஓட்டுங்கள். முழு நிசப்தம் என்றால் இரண்டும் ஒன்றே. கோரஸ் மாதிரி தானாக அசைகிற எஃபெக்டுகளிலிருந்து மெல்லிய மிச்சம் கேட்கலாம், அது பரவாயில்லை. தவிலோ தம்புராவோ முழுதாகக் கேட்டால் அந்த டிராக்கில் ஏதோ மாறியிருக்கிறது. போய்ப் பாருங்கள். இப்படி மூன்று நான்கு பாட்டு, வெவ்வேறு வருடத்தில் செய்தவையாக எடுத்துச் சோதித்துவிட்டால் போதும்.

11. பழைய கம்ப்யூட்டர்

சோதனை முடிந்தாலும் ஒரு திருவிழா வேலையைப் புது மெஷினில் முழுதாகச் செய்து கொடுக்கும்வரை பழையதை மூலையில் வைத்திருங்கள். பிறகு ஐலாக், வேவ்ஸ் கணக்குகளில் லாகின் செய்து, பழைய மெஷின் பேரில் எதுவும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். விற்பதாக இருந்தால் டிஸ்க் இல்லாமல் விற்கலாம், வாங்குகிறவர் புது எஸ்எஸ்டி போட்டுக்கொள்வார். கழற்றிய டிஸ்க்கின் மேல் வருடத்தையும், உள்ளே இருக்கும் பாட்டுகளின் பெயரையும் எழுதி ஒட்டி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாட்டி, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.